பழைய மொரிஸ் மைனர் உங்கள் இலாபத்தைக் குடிக்கிறதா?

சில்லறைச் செலவு என்று நாம் ஒதுக்கி வைக்கும் கணக்குகளில்தான் அநேகமாக வியாபாரத்தின் இலாபம் ஒழுகிப் போகிறது. கடை வாடகை, மின்கட்டணம், கூலி எல்லாவற்றையும் மாதாமாதம் எழுதிப் பார்க்கிறோம். வாகனத்துக்கு அடித்த பெற்றோலை மட்டும் சட்டைப் பையிலிருந்து கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறோம். வாகனம் அறுபது வருடப் பழையதென்றால், "பழைய கார் அப்படித்தான் குடிக்கும் காக்கா" என்ற ஒரு வார்த்தையோடு கணக்கு முடிந்துவிடும். இது தவறான முடிவு. நல்ல நிலையிலுள்ள மொரிஸ் மைனர் 1000 கார் கலனுக்கு 35 முதல் 40 மைல், அதாவது லீற்றருக்கு 12 முதல் 14 கி.மீ. வரை ஓடக்கூடியது. உங்களுடையது எட்டோ ஒன்பதோ ஓடினால் பிழை காரின் வயதில் இல்லை, பராமரிப்பில்தான் இருக்கிறது.

1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான இந்தக் கார், 1971 வரை 16 இலட்சத்துக்கு மேல் தயாரிக்கப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும்வரை நமது நாட்டில் இருந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகளால், வந்து சேர்ந்த கார்களைத் திருத்தித் திருத்தி ஓட்டும் பழக்கம் வளர்ந்தது. 2020 மார்ச்சில் மீண்டும் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் வீட்டு முற்றத்தில் நின்ற பழைய கார்களுக்கு மறுபடியும் மதிப்பு வந்தது.

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க முடியாது. ஜனவரியில் 177 ரூபாயாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் ஜூன் இறுதியில் 470 ரூபாயானது. ஓகஸ்டிலிருந்து கியூ.ஆர். அட்டைக்கு காரொன்றுக்கு வாரம் 20 லீற்றர்தான் கிடைத்தது. அந்த 20 லீற்றரில் லீற்றருக்கு 9 கி.மீ. ஓடும் கார் 180 கி.மீ. போகும். 13 கி.மீ. ஓடும் கார் 260 கி.மீ. போகும். இடையிலுள்ள 80 கி.மீ., காத்தான்குடியிலிருந்து கல்முனைக்கு ஒருமுறை போய் வரப் போதுமான தூரம். ஒருவர் சரக்குக் கொண்டுவர, மற்றவர் கடையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்ததற்கு இந்த வித்தியாசமும் ஒரு காரணம்.

முதலில் அளந்து பாருங்கள்

தராசு இல்லாமல் வியாபாரம் செய்ய முடியாது. ராங்கியை நிரப்பி மீற்றரைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல் ஓடி, அதே ஷெட்டில் மறுபடி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை அடித்த லீற்றரால் வகுத்தால் விடை வரும். மூன்று தடவையாவது செய்து சராசரி எடுக்க வேண்டும். பழைய மீற்றர் மைலில் காட்டும், ஒரு மைல் 1.609 கி.மீ. ஆகும். மீற்றரையே நம்பலாமா என்ற சந்தேகம் இருந்தால், கல்முனை வீதியிலுள்ள கிலோமீற்றர் கற்களுக்கு 20 கி.மீ. ஓடி ஒப்பிட்டுப் பாருங்கள்.

காபரேட்டர்

பெற்றோல் வீணாகும் முதல் இடம் இதுதான். மைனரில் இருப்பது எஸ்.யூ. காபரேட்டர். சோக் இழுக்கும்போது அடியிலுள்ள ஜெட் கீழிறங்கிப் பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கும். சோக்கை விட்ட பின்பும் கேபிள் துருவால் அந்த ஜெட் முழுமையாக மேலே வராமல் நின்றுவிடுவது அடிக்கடி நடக்கும். காலையில் ஒருமுறை இழுத்த சோக் அன்று முழுவதும் இழுத்தபடியே இருப்பதற்கு இது சமம். கடற்காற்று வீசும் நமது ஊர்களில் கேபிளும் இணைப்புகளும் விரைவில் துருப்பிடிக்கும். சில சொட்டு எண்ணெயும் ஐந்து நிமிடமும் போதும்.

அடுத்து கலவை. என்ஜின் சூடானபின் காபரேட்டர் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக மெதுவாக உயர்த்திப் பாருங்கள். என்ஜின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். வேகம் குறைந்து நிற்கப் பார்த்தால் பெற்றோல் குறைவு. சற்றே கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. ஜெட்டின் கீழுள்ள ஆறுமுக நட்டை ஒரு முகம் மேலே திருப்பினால் கலவை குறையும். ஒவ்வொரு முகமாகத்தான் திருப்ப வேண்டும். மிச்சம் பிடிக்கிறேன் என்று அளவுக்கு மீறிக் குறைத்தால் எக்ஸோஸ்ட் வால்வு எரிந்து, மிச்சம் பிடித்ததைவிடப் பல மடங்கு செலவு வரும்.

உங்கள் கையில் இன்னொரு சாட்சியும் இருக்கிறது. வருமான அனுமதிப் பத்திரத்துக்காக 2008 முதல் நடைமுறையிலுள்ள புகைப் பரிசோதனையின் அறிக்கையைத் தூக்கி வீசாதீர்கள். அதில் காபன் மொனொக்சைட்டு அளவு கூடியிருந்தால், பாதி எரிந்த பெற்றோல் புகைக்குழாயால் போகிறது என்று பொருள். பிளக்கைக் கழற்றிப் பார்த்தாலும் தெரியும்: கரி படிந்திருந்தால் பெற்றோல் அதிகம், இளம் பழுப்பு நிறமென்றால் நல்லது, வெள்ளை என்றால் குறைவு. எயார் பில்டரையும் அப்போதே பாருங்கள். நமது மணல் ஒழுங்கைகளில் ஓடும் காருக்கு அது சீக்கிரம் அடைபடும்.

தீப்பொறியும் நேரமும்

பொயின்ட் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15, பிளக் இடைவெளி ஆயிரத்தில் 25. இவை கராஜ் பாஸ்மாருக்குத் தெரிந்தவை. ஆனால் பலர் பார்க்காமல் விடும் ஒன்று இருக்கிறது. டிஸ்ரிபியூட்டரின் பக்கத்திலுள்ள வாக்கியூம் அட்வான்ஸ்தான் அது. அக்ஸிலேட்டரை இலேசாக மிதித்து ஒரே சீராக ஓடும்போது தீப்பொறியை முன்கூட்டித் தந்து பெற்றோலை மிச்சப்படுத்துவது அதன் வேலை. உள்ளேயுள்ள சவ்வு கிழிந்திருந்தால் கார் ஓடும், ஆனால் குடிக்கும். என்ஜினை நிறுத்தி, காபரேட்டர் பக்கத்துக் குழாய் முனையைக் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள். மூடியைத் திறந்து பார்த்தால் தட்டு அசைய வேண்டும். காற்று தாராளமாக வந்தால் சவ்வு போய்விட்டது.

95 ஒக்டேன் அடித்தால் கூடுதலாக ஓடுமா என்று பலர் கேட்கிறார்கள். 92இல் ஏற்றத்திலோ பாரத்திலோ என்ஜின் தட்டும் சத்தம் வராவிட்டால் 95க்குக் கொடுக்கும் மேலதிகப் பணம் வீண். சத்தம் வந்தால் தீப்பொறி நேரத்தைச் சற்றுப் பின்தள்ள நேரிடும், அது ஓட்டத்தைக் குறைக்கும். அப்படிப்பட்ட என்ஜினுக்கு மட்டும் 95இல் பலனுண்டு.

ஈயமும் வால்வும்

நமது நாட்டில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. அந்த ஈயம் பழைய என்ஜின்களின் வால்வு இருக்கைக்கு ஒரு கவசமாக இருந்தது. அது இல்லாதபோது எக்ஸோஸ்ட் வால்வு மெல்ல மெல்ல ஹெட்டுக்குள் தேய்ந்து இறங்கும். இடைவெளி மறைந்து, வால்வு சரியாக மூடாமல், கம்பிரஷனும் பெற்றோலும் ஒன்றாகப் போகும். குளிர்ந்த என்ஜினில் ஆயிரத்தில் 12 அங்குல இடைவெளி இருக்கிறதா என்று சில மாதங்களுக்கு ஒருமுறை பாருங்கள். ஹெட் கழற்றும் வேலை எப்படியும் வந்தால், கடினப்படுத்திய வால்வு இருக்கைகளைப் பொருத்திவிடுவது நிரந்தரத் தீர்வு.

வெப்பம், பிரேக், ரயர்

"எங்கட வெயிலுக்கு இது தேவையில்ல" என்று தேர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசும் பழக்கம் உண்டு. அது இல்லாத என்ஜின் உரிய சூட்டுக்கு வர நேரமெடுக்கும், அதுவரை பெற்றோலும் அதிகம், தேய்மானமும் அதிகம். கார் சூடாவதற்கு ரேடியேட்டர் அடைப்புத்தான் பெரும்பாலும் காரணம். அதைச் சுத்தம் செய்து தேர்மோஸ்டாட்டைத் திருப்பிப் போடுங்கள்.

பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் எந்தத் திருத்தமும் பலன் தராது. நமது எழுவான்கரை தட்டையான நிலம். சமதரையில் நியூட்ரலில் ஒருவர் தள்ள மைனர் இலகுவாக உருள வேண்டும். சிறிது தூரம் ஓடியபின் ஒரு சில்லு மட்டும் கையைச் சுட்டால் அந்த டிரம்மைக் கழற்றிப் பாருங்கள். பழைய கைநூலில் உள்ள 22 இறாத்தல் காற்று அக்கால ரயருக்கானது. இப்போது போடும் ரேடியல் ரயருக்கு அதைவிடச் சில இறாத்தல் கூடத் தேவை. பின்னால் புடைவைக் கட்டு ஏற்றினால் இன்னும் சற்றுக் கூட்டுங்கள்.

948 சி.சி. மைனரின் டிபரன்ஷல் விகிதம் 4.55. பின்னர் வந்த 1098 சி.சி. காரில் 4.22. பிந்தியது கிடைத்து மாற்றினால் அதே வேகத்துக்கு என்ஜின் 7 வீதம் குறைவாகச் சுற்றும். மலையேறும் காருக்கு இதை யோசிக்க வேண்டும். வாழைச்சேனைக்கும் கல்முனைக்கும் ஓடுபவருக்கு இது பொருந்தும்.

ஏமாற வேண்டாம்

பெற்றோல் குழாயில் கட்டும் காந்தம், ராங்கியில் போடும் குளிசை என்று ஒவ்வொரு விலையேற்றத்துக்கும் ஒரு மாய மருந்து சந்தைக்கு வரும். அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் இத்தகைய நூற்றுக்கு மேற்பட்ட பொருட்களை ஆராய்ந்தது. குறிப்பிடத்தக்க மிச்சம் தந்ததாக ஒன்றையும் அது காணவில்லை. பெற்றோலோடு மண்ணெண்ணெய் கலப்பது இன்னும் மோசம். ஒக்டேன் இறங்கி என்ஜின் தட்டும், எரியாத மண்ணெண்ணெய் ஒயிலில் இறங்கி பெயாரிங்கைத் தின்னும்.

ஓட்டமும் கணக்கும்

மைனருக்கு உகந்த வேகம் மணிக்கு 60 முதல் 65 கி.மீ. தேவையில்லாத கூரைத் தட்டைக் கழற்றுங்கள். பயணத்தைத் திட்டமிடுங்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின் கொக்கட்டிச்சோலைக்குப் போக மட்டக்களப்பு நகரைச் சுற்ற வேண்டியதில்லை. படுவான்கரைக் கடைகளின் ஓடரை ஒரே நாளில் சேர்த்து முடித்தால், எந்த மெக்கானிக்கும் தர முடியாத மிச்சம் கிடைக்கும்.

மாதம் 1,200 கி.மீ. ஓடும் கார் லீற்றருக்கு 10 கி.மீ. ஓடினால் 120 லீற்றர் தேவை. 12 கி.மீ. ஆக்கினால் 100 லீற்றர் போதும். மிச்சமாகும் 20 லீற்றரின் மதிப்பு 2022 ஜூன் விலையில் 9,400 ரூபாய். இன்றைய ஷெட் விலையால் நீங்களே பெருக்கிப் பாருங்கள். கேபிள், பொயின்ட், வாக்கியூம், வால்வு இடைவெளி, பிரேக், காற்று ஆகிய ஆறும் சிறு செலவுகள். அவற்றை முதலில் செய்து மறுபடி அளவுங்கள். அதன் பின்பும் ஓட்டம் ஏறாவிட்டால் நான்கு சிலிண்டரின் கம்பிரஷனையும் பாருங்கள். முழு என்ஜின் வேலை என்று வந்தால், அந்தச் செலவை மாத மிச்சத்தால் வகுத்து எத்தனை மாதத்தில் மீளும் என்று கணக்கிடுங்கள். மூன்று வருடத்துக்கு மேல் போனால், காரின் மீதுள்ள ஆசைக்காகச் செய்யலாமே தவிர பெற்றோல் மிச்சம் என்று சொல்லிக் கடைக் கணக்கில் எழுதாதீர்கள்.