முதலிலே திறப்பு

குடியிருக்க வீடில்லாத ஒருவரை முதலில் திருத்தி, அதன் பின்னரே அவருக்கு வீடு கொடுக்க வேண்டும் என்றே மேனாட்டு உதவியாளர் பல்லாண்டுகளாக எண்ணி வந்தனர். இரவுக்கு ஒரு கட்டில். மதுவை விட்டால் சற்று நல்ல விடுதி. மருத்துவமும் நடத்தையும் ஒழுங்காயின் அதனினும் மேலான இடம். கடைசிப் படியிலேதான் தனக்கென ஒரு கதவு. இடையிலே சறுக்கினால் மீண்டும் தெரு.

அந்நிலையில் நாம் இருந்தால் என்ன செய்வோம்? காலையில் விடுதியை விட்டு வெளியேறி, மாலைவரை பையைச் சுமந்து திரிந்து, இரவில் முன்பின் அறியாதார் நடுவே அரைக்கண் மூடி உறங்கும் ஒருவர், வேளை தவறாது மருந்துண்பது எங்ஙனம்? முகவரி இல்லாதவருக்கு வேலை கொடுப்போர் யார்? நடத்துவோரின் மேசையிலிருந்து பாராது, பெறுவோரின் இடத்தில் நின்று பார்த்து ஓர் உதவியை ஒழுங்கு செய்வதையே இக்காலத்தில் சேவை வடிவமைப்பு என்கின்றனர்.

அவ்வாறு பார்த்த உளவியலறிஞர் சாம் செம்பெரிஸ், 1992ல் நியூயோர்க் நகரில் அப்படிமுறையைத் தலைகீழாக்கினார்: முதலில் வீடு, மற்றவை பிறகு. உறைபனி நாடான பின்லாந்து 2008ல் இவ்வழியையே தேசியத் திட்டமாகக் கொண்டது. அதன் தலைநகரான ஹெல்சிங்கியில் இரட்சணிய சேனை நடத்திய விடுதியொன்றில் சுமார் 250 கட்டில்கள் இருந்தன. 2012ல் அக்கட்டடம் ஏறக்குறைய 80 தனி வீடுகளாயிற்று. குடியிருப்போர் உடன்படிக்கை எழுதி, வாடகை செலுத்தி, தம் திறப்பினால் தம் கதவைத் திறக்கின்றனர். வாடகைக்கு வழியற்றோருக்கு அரசாங்க உதவிப்பணம் உண்டு. ஊழியரும் அங்கேயே உளர். குடியை நிறுத்தினால்தான் வீடு என்ற நிபந்தனை மட்டும் இல்லை. இது நம்மிற் பலருக்கு உவப்பாயிராது. இத்தகைய வீடுகள் எழுந்த இடங்களில் அயலவர் சிலருக்கும் உவப்பாயிருக்கவில்லை.

செலவும் சிறிதன்று. வீடுகளைக் கட்டவும் வாங்கவும் அரசாங்கம் பெரும்பணம் கொடுத்தது. சூதாட்டப் பொறிகளின் வருவாயும் இந்நற்காரியத்துக்கு உதவியதென்பது வேடிக்கைதான்! நெடுங்காலம் வீடற்றிருப்போரின் தொகையை 2011க்குள் பாதியாக்குவதென்ற முதற்குறி கைகூடவில்லை. ஆயினும் முயற்சியை விட்டாரில்லை. 2008ல் நாடு முழுவதும் சுமார் 8,000 ஆயிருந்த வீடற்றோர் தொகை 2023ல் ஏறக்குறைய 3,400 ஆகக் குறைந்தது. 2024ல் அது மீண்டும் சற்று உயர்ந்தது. வீட்டு உதவிப்பணத்தை அரசாங்கம் குறைத்ததே காரணம் என அங்குள்ள தொண்டு நிறுவனத்தார் குறைகூறுகின்றனர்.