வீட்டு மின்சாரமும் வியாபாரக் கணக்கே

நூற்றுக்குப் பத்து இலாபம் வைத்து விற்கும் ஒருவர் 1000 ரூபா சம்பாதிக்க 10,000 ரூபாவுக்கு வியாபாரம் செய்ய வேண்டும். அதே 1000 ரூபாவை வீட்டு மின்பட்டியலில் மிச்சம் பிடித்தால், அந்த 10,000 ரூபா வியாபாரத்தைச் செய்ததற்குச் சமம். கடையில் ஒவ்வொரு சதத்துக்கும் கணக்கு வைக்கும் நம்மவர்களில் பலர், வீட்டு மின்பட்டியலில் கடைசித் தொகையை மாத்திரம் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் உயர்ந்த பின்னரும் இந்தப் பழக்கம் மாறவில்லை.

கணக்கு இலகுவானது. ஒரு சாதனத்தின் வொட் அளவை, அது ஓடும் மணித்தியாலங்களால் பெருக்கி 1000ஆல் பிரித்தால் அலகு கிடைக்கும். 60 வொட் பழைய குமிழ் தினமும் 5 மணித்தியாலம் எரிந்தால் மாதத்துக்கு 9 அலகு. ஏறக்குறைய அதே வெளிச்சம் தரும் 9 வொட் எல்.ஈ.டி. குமிழுக்கு 1.35 அலகே செலவாகும். இப்படி நான்கு குமிழ்களை மாற்றினால் 30 அலகு மிச்சம்.

வெளிச்சத்தை விடச் சூடாக்கும் சாதனங்களே அதிகம் விழுங்குகின்றன. 3500 வொட் சுடுநீர் ஷவரில் நால்வர் தினமும் பத்து நிமிடம் குளித்தால் மாதம் 70 அலகு போய்விடும். 1000 வொட் அயன் ஒரு மணித்தியாலம் தொடர்ந்து சூடானால் ஓர் அலகு. தினமும் ஓர் உடுப்புக்காகச் சூடாக்காமல், வாரத்தில் ஒருநாள் எல்லாவற்றையும் சேர்த்து அயன் பண்ணுவது நல்லது.

குளிர்சாதனப் பெட்டியின் கதவு இறப்பரில் ஒரு கடதாசியை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் குளிர் வெளியேறுகிறது. இறப்பரை மாற்ற வேண்டும். சூடான கறியை ஆறவிட்டே உள்ளே வையுங்கள். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். கசியும் குழாயையும் கவனியுங்கள். மேல்தாங்கியிலிருந்து சொட்டும் தண்ணீரை மீண்டும் ஏற்றுவதும் மின்சாரம்தான்.

வீட்டுக் கட்டணம் படிமுறையானது என்பதை மறக்க வேண்டாம். 30 நாட்களில் 60 அலகைத் தாண்டினால், மேலதிக அலகுகளுக்கு மட்டுமல்ல, முதல் அலகிலிருந்தே கூடிய வீதம் விழுகிறது. நிலையான கட்டணமும் ஏறுகிறது. ஆகவே, சிறிய குடும்பங்கள் நாளொன்றுக்கு 2 அலகு என்பதை எல்லையாக வைத்துக்கொள்ளலாம். பெரிய குடும்பத்துக்கு அது கஷ்டம். ஆனால் அதற்கு மேலும் படிகள் உண்டு. ஒரு படி இறங்கினாலும் இலாபமே.

நான் செய்வது இதுதான்: ஞாயிறு தோறும் மீட்டரைப் பார்த்து இலக்கத்தைக் கொப்பியில் எழுதுகிறேன். மாதக் கடைசி வரை காத்திராமல், கூடுதலாகப் போகும் வாரத்திலேயே காரணத்தைத் தேட முடிகிறது. எல்லா ஆளிகளையும் அணைத்து, பிளக்குகளையும் கழற்றிய பின்னரும் மீட்டர் ஓடினால் மின்கசிவு இருக்கலாம். உடனே மின்னியலாளரை அழைக்க வேண்டும். அது பணத்துக்கு மட்டுமல்ல, உயிருக்கும் ஆபத்து.

இந்த வாரமே உங்கள் மீட்டரின் இலக்கத்தைக் குறித்து வையுங்கள். அடுத்த வாரம் கழித்துப் பாருங்கள். எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்பதை அந்தக் கணக்கே காட்டித்தரும்.