வீட்டுக்குள் திருடன் புகுந்தால் சுடலாமா? சட்டம் சொல்வது என்ன?

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒருவர் இரவு ஷிப்டுக்குக் கிளம்பினால், குவார்ட்டர்ஸில் மனைவியும் குழந்தைகளும் வயதான பெற்றோரும் தனியாக இருப்பது வழக்கம். பக்கத்தில் எங்காவது திருட்டு என்று கேள்விப்பட்டால், "லைசென்ஸ் துப்பாக்கி ஒண்ணு இருந்தா சுட்டுடலாம். நம்ம வீட்டுக்குள்ள வந்தவன்தானே, கேஸ் ஆகாது" என்று பேசிக்கொள்வார்கள். இந்தப் பேச்சில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் சுட்டால் ஒரு குடும்பமே கோர்ட் வாசலில் நிற்க வேண்டி வரும்.

எப்போது உரிமை உண்டு?

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. அதில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை. உங்கள் உயிரை, பிறர் உயிரை, உங்கள் உடைமையைக் காக்க நீங்கள் செய்யும் செயல் குற்றமாகாது என்பதே இதன் அடிப்படை.

உடைமையைக் காக்கும்போது எதிராளியின் உயிரே போனாலும் சட்டம் ஏற்கும் சூழல்களைப் பிரிவு 41 பட்டியலிடுகிறது:

• கொள்ளை.
• சூரியன் மறைந்த பின், உதிக்கும் முன் நடக்கும் வீடு உடைப்பு. அதாவது பூட்டை உடைத்தோ, ஓட்டைப் பிரித்தோ வீட்டுக்குள் நுழைவது.
• குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்பது, வெடிபொருளால் தாக்குவது.
• உயிரோ, கொடுங்காயமோ நேரும் என்று நியாயமாகவே பயப்படும்படி நடக்கும் திருட்டு, சேதம் விளைவித்தல் அல்லது அத்துமீறல்.

எங்கே உரிமை முடிகிறது?

தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது, போலீஸ் உதவியை நாட நேரம் இருந்தால் தற்காப்பு உரிமை கிடையாது என்கிறது பிரிவு 37. மேலே சொன்ன எல்லாமே இந்த நிபந்தனைக்கு உட்பட்டவைதான். சில உதாரணங்களைப் பாருங்கள்.

ராத்திரி தோட்டத்து மரத்தில் பலாப்பழம் திருடுகிறான் ஒருவன். அவன் வீட்டுக்குள் நுழையவில்லை, கையில் ஆயுதமும் இல்லை. சத்தம் போடலாம், பிடிக்கலாம். சுடக்கூடாது.

நகையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து தெருவில் ஓடுகிறான். துரத்திப் பிடிக்கலாம். முதுகில் சுட்டால் அதைத் தற்காப்பு என்று நிரூபிப்பது மிகக் கடினம்.

பிடித்துக் கட்டிப்போட்டாயிற்று. அதற்குப் பிறகு விழும் ஒவ்வொரு அடியும் குற்றம்தான். தற்காப்பு என்பது பழிவாங்கும் உரிமை அல்ல என்பதை 2010-இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

இன்னொன்று: குவார்ட்டர்ஸ் வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். இருட்டில் கதவைத் தட்டுபவர் வீடு மாறி வந்தவராகவோ, ஷிப்ட் முடிந்து சீக்கிரம் திரும்பிய உங்கள் மகனாகவோ இருக்கலாம். சுட்டுவிட்டால் அந்தக் குண்டைத் திரும்ப அழைக்க முடியாது.

சுட்டபின் என்ன நடக்கும்?

"தற்காப்புக்குத்தான் சுட்டேன்" என்று சொன்னவுடன் வழக்கு மறைந்துவிடாது. எஃப்.ஐ.ஆர். பதிவாகும், துப்பாக்கி கைப்பற்றப்படும், கைதும் நடக்கலாம். தற்காப்பு என்று காட்டும் பொறுப்பு சுட்டவருடையது (பாரதிய சாட்சிய அதிநியம் பிரிவு 108). ஆனால் அரசுத் தரப்பைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. "அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்" என்று காட்டினால் போதும்.

நல்லெண்ணத்தோடு தற்காத்து, முன்திட்டம் இல்லாமல் எல்லை மீறியிருந்தால், அது கொலை என்ற நிலையிலிருந்து இறங்கி, கொலையாகாத மரணம் விளைவித்தல் ஆகும். அதற்கும் 5 முதல் 10 ஆண்டு சிறையோ, ஆயுள் தண்டனையோ கிடைக்கலாம். தற்காப்பே இல்லை என்று முடிவானால் பிரிவு 103-இன்படி கொலைக் குற்றம்.

நீதிமன்றம் சூழலைப் பார்க்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 1950-இல் மத்தியப் பிரதேசத்தின் கட்னி நகரில் கலவரக் கும்பல் ஒன்று கட்டடத்தின் ஒரு பகுதியில் புகுந்து சூறையாடிவிட்டு, அம்ஜத் கானின் கதவைத் தடியால் அடித்தது. அவர் துப்பாக்கியால் சுட்டதில் ஒருவர் இறந்தார். கீழ்க் கோர்ட்டில் தண்டனை பெற்ற அவரை 1952-இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. உயிர் பயத்தில் இருப்பவரின் செயலைத் தங்கத் தராசில் வைத்து நிறுக்க முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்கா?

கடலூர் மாவட்டத்தில் துப்பாக்கி உரிமம் வழங்குபவர் மாவட்ட ஆட்சியர். 2019 சட்டத் திருத்தத்தின்படி ஒருவர் 2 துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். "அப்பா காலத்துத் துப்பாக்கி பரண்ல கெடக்கு" என்று சொல்பவர்கள் கவனிக்கவும்: உரிமம் காலாவதியானாலோ, உரிமம் பெற்றவர் இறந்தாலோ, தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். உரிமம் இல்லாத துப்பாக்கியை வைத்திருந்தாலே 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. தற்காப்புக்குச் சுட்டதை நீதிமன்றம் ஏற்றாலும், ஆயுதச் சட்ட வழக்கு தனியாக நிற்கும்.

அப்போ என்ன செய்யணும்?

• முதலில் குடும்பத்தினரை ஒரே அறையில் சேர்த்துத் தாழ்ப்பாள் போடுங்கள். விளக்கைப் போட்டு, சத்தம் எழுப்புங்கள்.
• 112 அல்லது 100-ஐ அழையுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியை முன்பே போனில் பதிவிறக்கி, அதன் அவசர பட்டனை வீட்டில் எல்லோருக்கும் காட்டி வையுங்கள்.
• போலீஸிடம் வட்டம் எண், தெரு, வீட்டு எண் மூன்றையும் சொல்லுங்கள்.
• யாருக்காவது காயம் என்றால் உடனே 108. காயப்பட்டவர் திருடனாகவே இருந்தாலும் அழையுங்கள். அது உங்கள் நல்லெண்ணத்துக்கும் சாட்சி.
• சம்பவ இடத்தில் எதையும் நகர்த்தாதீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால், இலவச சட்ட உதவிக்கு 15100.
• ஊருக்குப் போகும்போது காவல் நிலையத்தில் தகவல் சொல்லிவிட்டுப் போங்கள்.

2019 ஆகஸ்டில் தென்காசி பக்கம் கடையத்தில், அரிவாளோடு வந்த முகமூடிக் கொள்ளையர்களை ஒரு முதிய தம்பதி பிளாஸ்டிக் நாற்காலிகளாலும் செருப்பாலும் விரட்டியதை சிசிடிவி காட்சியில் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்த ஆண்டு சுதந்திர தினத்தில் அரசு அவர்களுக்கு வீரதீரச் செயலுக்கான விருது வழங்கியது. தாக்க வந்தவனை எதிர்த்து நிற்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆபத்து எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டும் எதிர்ப்பு இருக்கட்டும் என்கிறது.