கார் நேர், ஸ்டியரிங் கோணல்

கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "ஜி.எஸ்.டி. சாலையில் கார் எந்தப் பக்கமும் இழுக்காமல் நேராகத்தான் போகிறது. ஆனால் ஸ்டியரிங் மட்டும் இடப்பக்கம் லேசாகச் சாய்ந்தே நிற்கிறது. அலைன்மென்ட் பார்த்தாயிற்று. கம்ப்யூட்டரில் எல்லாம் பச்சையாகக் காட்டுகிறது. ஸ்டியரிங்கைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டித் தரட்டுமா என்று கேட்கிறார்கள். சரி என்று சொல்லலாமா?"

சொல்ல வேண்டாம்.

இந்தக் கேள்வி கூடுவாஞ்சேரியிலிருந்து வந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. பக்கத்து வல்லாஞ்சேரியில்தான் ரானே டி.ஆர்.டபிள்யூ. நிறுவனத்தின் பவர் ஸ்டியரிங் தொழிற்சாலை வளர்ந்தது. தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் பரிசை 2005இல் வாங்கிய நிறுவனம் அது. ஸ்டியரிங் செய்யும் ஊரில் ஸ்டியரிங்கின் சூட்சுமம் நாலு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

சிறுவயதில் சைக்கிளோடு விழுந்து எழுந்தால் ஹேண்டில்பார் கோணிக்கொண்டிருக்கும். முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு ஹேண்டில்பாரை ஒரு திருகு திருகி நேராக்குவோம். காரிலும் அதுதான் வழி என்று பலர் நினைக்கிறார்கள். சைக்கிளுக்கு முன்னால் ஒரே சக்கரம். காருக்கு இரண்டு. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

ஸ்டியரிங்கைத் திருப்பினால் கம்பத்தின் அடியில் உள்ள பினியன் சுழன்று, ராக் என்னும் பல் தண்டை இடமும் வலமும் நகர்த்துகிறது. ராக்கின் இரு முனையிலிருந்தும் ஆளுக்கொரு டை ராட் சக்கரத்துக்குப் போகிறது. ஒவ்வொரு டை ராடின் நீளத்தையும் மரை திருகிக் கூட்டலாம், குறைக்கலாம். இதில் ஒரு பக்கத்தை மட்டும் திருகி, அந்தச் சக்கரத்தின் கோணத்தை அரை டிகிரி மாற்றிவிட்டதாக வைத்துக்கொள்வோம். மறு பக்கத்தைத் தொடவே இல்லை. கார் ஒரு பக்கமாக இழுக்க வேண்டும் அல்லவா? இழுக்காது! எனக்கு இந்த இயந்திரத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். வண்டி ஓடத் தொடங்கியதும் இரண்டு டயரும் தரையில் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளும். நடுவில் இருக்கும் ராக் மெல்ல நகர்ந்து, அந்த அரை டிகிரியை ஆளுக்குக் கால் டிகிரியாகப் பங்கிட்டுக் கொடுத்துவிடும். கார் நேராகப் போகும். ஆனால் ராக் நகர்ந்தால் பினியன் சுழலும், பினியனோடு ஸ்டியரிங்கும் சுழலும். சக்கரம் ஒரு டிகிரி திரும்ப ஸ்டியரிங் 16 டிகிரி திரும்ப வேண்டிய காரில், அந்தக் கால் டிகிரி உங்கள் கையில் 4 டிகிரியாக வந்து நிற்கும். 37 செ.மீ. விட்டமுள்ள ஸ்டியரிங்கின் விளிம்பில் அது ஒரு சென்டிமீட்டருக்கும் மேல். கண்ணை உறுத்தப் போதும்.

பச்சை காட்டியதும் பொய்யல்ல. எந்திரம் சக்கரங்களின் கோணத்தைத்தான் அளக்கிறது. ஸ்டியரிங்கை நடுவில் வைத்துப் பூட்டாமல் வேலை செய்தால், சக்கரம் சரியாகவும் ஸ்டியரிங் கோணலாகவும் இருக்கும்போதே எல்லாக் கட்டமும் பச்சையாகிவிடும்.

அப்படியானால் பல் தள்ளி மாட்டினால் என்ன? ஸ்டியரிங் உட்காரும் தண்டில் 36 பல் இருந்தால் ஒரு பல்லுக்கு 10 டிகிரி. 4 டிகிரி கோணலை 10 டிகிரி தாவலால் திருத்த முடியாது. அதற்கும் மேல், ராக் நடுவைவிட்டு விலகியபடியே இருந்துவிடும், இடம் திரும்புவதும் வலம் திரும்புவதும் சமமாக இருக்காது. வளைவில் உள் சக்கரம் வெளிச் சக்கரத்தைவிட அதிகம் திரும்ப வேண்டும். மியூனிக் நகரில் வண்டி செய்த லாங்கென்ஸ்பெர்கர் கண்டுபிடித்து, 1818இல் லண்டனில் ஆக்கர்மேன் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு அது. கண்டுபிடித்தவரை விட்டுவிட்டு ஆக்கர்மேன் பெயரையே உலகம் சொல்வதில் எனக்கு வருத்தம் உண்டு. அந்த ஏற்பாடு இரு பக்கமும் ஒரே மாதிரி வேலை செய்ய ராக் நடுவிலிருந்து புறப்பட வேண்டும். ஏர்பேக் உள்ள காரில் இன்னொரு ஆபத்து: ஸ்டியரிங்குக்கு அடியில் கடிகார வில் போலச் சுருண்ட நாடா கேபிள் இருக்கிறது. கழற்றும்போது அது இடம் மாறிச் சுற்றிக்கொண்டால் பிறகு ஏதோ ஒரு திருப்பத்தில் அறுந்துபோகும். ஹாரன் நின்றால் உடனே தெரியும். ஏர்பேக்கும் அதே நாடாவை நம்பித்தான் இருக்கிறது.

சரியான வேலை எளிமையானது. டயர் காற்றைச் சமமாக்கி, எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கை இருபுறமும் அசைத்து நடுவில் நிறுத்தி, சீட்டுக்கும் அதற்கும் இடையே பிடிகம்பியால் பூட்ட வேண்டும். பிறகு இரண்டு டை ராடின் லாக் நட்டையும் தளர்த்தி, ஒன்றை எவ்வளவு குறைக்கிறோமோ மற்றதை அவ்வளவே கூட்ட வேண்டும். இரு சக்கரங்களுக்கும் இடையிலான மொத்தக் கோணம் மாறாது, ஸ்டியரிங் மட்டும் நடுவுக்கு வரும். எதைக் கூட்டுவது என்பது ராக் அச்சுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. ராக்கின் ரப்பர் உறையில் இருக்கும் கிளிப்பை முதலில் தளர்த்தாவிட்டால் உறை முறுக்கிக்கொண்டு கிழியும். கிழிந்தால் மழைத் தண்ணீரும் மண்ணும் உள்ளே போய் ராக்கையே தின்றுவிடும். ஒரு பக்க நட்டு துருவேறி இறுகிக் கிடப்பதால் சுலபமாகத் திரும்பும் பக்கத்தை மட்டும் திருகி அனுப்புகிற பழக்கம்தான் பாதிக் கோணலுக்குக் காரணம். துருவுக்கு எண்ணெய் விட்டு அரை மணி காத்திருக்கப் பொறுமை இல்லை. "சீக்கிரம் முடிங்க" என்று தலைமாட்டில் நிற்கும் நமக்கும் அதில் பங்குண்டு.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளத்தில் 'டமார்' என்று இறங்கிய மறுநாள் ஸ்டியரிங் கோணினால், அது வெறும் அலைன்மென்ட் வேலை அல்ல. டை ராடோ, சக்கரத்தைத் தாங்கும் கை ஒன்றோ வளைந்திருக்கக்கூடும். வளைந்த கம்பியின் நீளத்தைத் திருகிக் கோணலை மறைப்பது மன்னிக்க முடியாத காரியம். வளைந்தது ஒரு நாள் ஒடியும். வண்டியைத் தூக்கச் சொல்லி, பால் ஜாயின்டை ஆட்டிப் பார்த்து, கம்பியைக் கண்ணால் பார்த்த பிறகே ஸ்பேனரை எடுக்கவிடுங்கள். பின்சக்கரங்கள் ஒரு பக்கமாகப் பார்த்தாலும் இதே கோணல் வரும். ஆகவே நான்கு சக்கரத்தையும் அளக்கச் சொல்லுங்கள்.

நம் சாலைகள் மழைத் தண்ணீர் வடிய இடப்பக்கம் சரிந்திருப்பதால் ஸ்டியரிங்கை லேசாக வலப்பக்கம் பிடிக்க வேண்டியிருப்பது இயல்பு. உங்களுடையது இடப்பக்கம் சாய்வதால் சாலைமேல் பழி போட வழியில்லை. வேலை முடிந்ததும், சறுக்கலைத் தடுக்கும் ஈ.எஸ்.சி. ஏற்பாடு உள்ள கார் என்றால், ஸ்டியரிங் கோண சென்சாரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். இல்லையென்றால் நேராக ஓடும் காரை ஈ.எஸ்.சி. திரும்புவதாகக் கணக்கெடுக்கக்கூடும்.