தாயின் மார்பும் குறைமாதச் சிசுவும்

2020-ஆம் வருஷத்தில் உலகத்தில் பிறந்த சிசுக்களில் ஏறக்குறைய 1 கோடியே 34 லக்ஷம், 37 வாரம் நிரம்புமுன் குறைமாதத்தில் பிறந்தவை. அவற்றுள் சுமார் 30 லக்ஷம் நமது தேசத்தில் பிறந்தவை. வேறெந்தத் தேசத்துக்கும் இவ்வளவு பெரிய பங்கு கிடையாது. இது டாக்டர்களுக்கும் மருத்துவச்சிகளுக்கும் உரிய விஷயமாயிற்றே, தேசகாரியம் செய்வோருக்கு இதில் என்ன வேலை என்று வினவும் நண்பர்களுக்கு இத்தொகையே தக்க விடையாகும்.

குறைமாதச் சிசுவுக்கு உடற்சூடு நிற்பதில்லை. பால் உறிஞ்சும் வலிமை போதாது. தொற்று எளிதில் பற்றிவிடும். 1880-ஐ ஒட்டிய வருஷங்களில் பாரிஸ் நகரத்துப் பிரசவ வைத்தியரான டார்னியர் என்பவர், கோழிக்குஞ்சு பொரிக்கும் யந்திரத்தைக் கண்டு, அதுபோன்ற வெப்பப் பெட்டியொன்றைச் சிசுக்களுக்காகச் செய்வித்தார். அதனால் பிழைத்த உயிர்கள் பல. ஆயினும் அந்தப் பெட்டியோடு ஒரு வழக்கமும் உலகெங்கும் பரவிவிட்டது. சிசு உள்ளே, தாய் வெளியே. நடுவில் பூட்டிய கதவு! தொற்று புகாதிருக்கவே இந்த ஏற்பாடு என்றார்கள். தாய் தொற்றைக் கொண்டுவருகிறவள் என்ற குற்றச்சாட்டு விசாரணையின்றியே நிரூபணமானதாகக் கொள்ளப்பட்டது.

கொலம்பியா தேசத்தின் தலைநகரான பொகோட்டாவில் 1978-இல் இவ்வழக்கம் உடைந்தது. அங்குள்ள பிரசவ ஆஸ்பத்திரியில் கூட்டமோ தாங்க முடியாதது. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று சிசுக்களைக் கிடத்த வேண்டிய நிலைமை. தொற்று ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாய்ந்தது. எட்கார் ரே என்ற டாக்டர், பெட்டிக்குப் பதிலாகத் தாயின் மார்பிலேயே சிசுவைத் தோலோடு தோல் படும்படி நிமிர்த்திக் கட்டிவிட்டு, தாய்ப்பாலையே உணவாகக் கொடுக்கச் செய்தார். ஹெக்டர் மார்ட்டினெஸ் என்ற டாக்டர் அவருக்குத் துணைநின்றார். கங்காரு தன் குட்டியைப் பையில் சுமப்பதை ஒத்திருந்ததால் கங்காரு முறை என்று இதற்குப் பெயர் வழங்கலாயிற்று.

உலகம் இதை உடனே நம்பிவிடவில்லை. நம்பாமற் போனதும் நியாயமே. 1985-இல் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் இருவர் பொகோட்டா கணக்குகளை ஆராய்ந்து, முதல் சில தினங்களில் இறந்த சிசுக்கள் கணக்கில் சேரவில்லை என்று எடுத்துக் காட்டினார்கள். அதன்பின் முறையான பரீக்ஷைகள் நடந்தன. உடல்நிலை தேறிய சிசுவுக்கு இம்முறை நன்மையே என்பது அவற்றால் ருஜுவாயிற்று. ஆனால் தேறிய பிறகுதானே? குறைமாதச் சிசுக்களில் பல, தேறுவதற்கு முன்னரே இறந்துவிடுகின்றனவே! இக்கேள்விக்கு நெடுங்காலம் விடையில்லை.

விடை 2021-இல் வெளிவந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் கானா, மலாவி, நைஜீரியா, டான்ஸானியா, இந்தியா ஆகிய 5 தேசங்களில் ஐந்து ஆஸ்பத்திரிகளில் ஒரு பரீக்ஷை நடத்திற்று. டில்லி ஸப்தர்ஜங் ஆஸ்பத்திரி அவற்றுள் ஒன்று. 1 கிலோவுக்கு மேல் 1.8 கிலோவுக்குட்பட்ட எடையுள்ள 3,211 சிசுக்கள் இரு பிரிவாக்கப்பட்டன. ஒரு பிரிவு பிறந்தவுடனேயே தாயின் மார்பில் சேர்க்கப்பட்டது. மற்றது தேறும்வரை தனியே வைத்துப் பராமரிக்கப்பட்டது. 28 நாளைக்குள் தனித்து வைத்த பிரிவில் 100-க்கு 15.7 இறந்தன, தாயோடிருந்த பிரிவில் 100-க்கு 12. அதாவது 27 சிசுக்களை உடனே தாயிடம் சேர்த்தால் ஓர் உயிர் கூடுதலாகத் தங்குகிறது. உடல் குளிர்ந்துபோவதும் இரத்தத் தொற்றுச் சந்தேகமும் தாயோடிருந்த பிரிவிலேதான் குறைவு. நூறு வருஷத்துக்கு மேல் தாய்மீது சுமத்தப்பட்ட பழைய குற்றச்சாட்டு என்னவாயிற்று என்பதை நேயர்கள் கவனிப்பார்களாக. வித்தியாசம் அவ்வளவு தெளிவாயிருந்தமையால், ஒரு பிரிவைத் தாயிடமிருந்து விலக்கி வைப்பது இனித் தகாதென்று, பரீக்ஷையை மேற்பார்த்த குழு உத்தேசித்த காலத்துக்கு முன்பே அதை நிறுத்தச் சொல்லிவிட்டது. 2022-இல் உலக சுகாதார ஸ்தாபனமும், தானாக மூச்சுவிட இயலாதவை, அதிர்ச்சி நிலையிலுள்ளவை போன்ற சிசுக்கள் நீங்கலாக, மற்றவற்றைப் பிறந்தவுடனே தாயிடம் சேர்த்து, நாளொன்றுக்கு 8 முதல் 24 மணிநேரம் வைத்திருக்கும்படி சிபாரிசு செய்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். தாயின் மார்பே போதுமானால் யந்திரம் எதற்கு, தாதிகள் எதற்கு என்று செலவைச் சுருக்க வழி தேடும் அதிகாரிகள் எந்தச் சர்க்காரிலும் இருப்பார்கள். அப்பரீக்ஷையில் பிராணவாயுவும் மூச்சுக் கருவியும் மருந்தும் தாதிகளின் கவனிப்பும் குறைக்கப்படவில்லை. அவையெல்லாம் தாயின் மார்பிலிருந்த சிசுவுக்கும் கிடைத்தன. ஆகவே இது சிக்கன உபாயமன்று.

மாறியது ஒன்றே: சிசுக்களின் அறையில் தாய்க்கும் கட்டில் போட்டார்கள். பிரசவித்த ஸ்திரீக்கு வேண்டிய சிகிச்சையும் அங்கேயே நடந்தது. நம் தேசத்தில் சில இடங்களில் இத்தகைய கூட்டுப் பிரிவுகள் ஏற்பட்டிருப்பதை அறிவோம். அது போதாது. குறைமாதச் சிசுக்களை ஏற்கும் ஒவ்வொரு ஜில்லா ஆஸ்பத்திரியிலும் இவ்வாண்டுச் செலவுத் திட்டத்திலேயே தாய்க்கு எத்தனை கட்டில், இரவில் எத்தனை தாதிகள் என்பது தொகையோடு காட்டப்பட வேண்டும். சட்டசபை அங்கத்தினர்கள் அதைக் கேள்வியாகவே போட்டு விடை பெறலாம். தாய் ஓய்வுகொள்ளும் நேரத்தில் சிசுவைத் தாங்கத் தகப்பனின் மார்பும் உதவும். கட்சிக் கூட்டங்களுக்கு இரவெல்லாம் கண்விழிக்கும் நம் நண்பர்களுக்கு இது பெரிய சிரமமாயிராது.