பாட்டைக் கெடுப்பது கதவு

காருடன் தொழிற்சாலையிலிருந்தே வரும் ஸ்பீக்கர், கணக்கப்பிள்ளை மனப்பான்மையோடு செய்யப்படுகிற பொருள். மெல்லிய காகிதக் கூம்பு, சிறிய காந்தம், பிளாஸ்டிக் சட்டகம். எடையும் குறைவு, செலவும் குறைவு. புதிதில் பேச்சும் பாட்டும் தெளிவாகவே கேட்கும். பத்துப் பன்னிரண்டு வருடம் போனபின் நிலைமை வேறு. பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை வீதிகளில் ஓடும் விட்ஸ், அக்சியோ, அக்வா, வெகன் ஆர் வண்டிகளில் நிறைய அந்த வயதைத் தாண்டியவை. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் கையிலிருந்த வண்டியையே திருத்தித் திருத்தி ஓட்ட வேண்டியிருந்தது; கரகரக்கும் ஸ்பீக்கரை மாற்றுவதும் அந்தத் திருத்த வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

இந்த ஊர்கள் அடங்கிய ஊவாவின் காலநிலை ஸ்பீக்கருக்கு நல்லதல்ல. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் கதவுக்குள் இறங்கும் தண்ணீரும் ஹப்புத்தளைப் பக்கத்து மூடுபனியும் காகிதக் கூம்பை ஊறவைக்கும். ஜூலை, ஓகஸ்டில் உலர்ந்த கச்சான் காற்று வீசும். ஈரமும் உலர்ந்த வெயிலும் வருடா வருடம் மாறி மாறிப் பட்டால் கூம்பைச் சுற்றியுள்ள நுரை விளிம்பு பொடிந்து உதிரும். பிரதான வீதியிலிருந்து தோட்டத்துக்குள் திரும்பியதும் தொடங்கும் கல் பாதை மிச்சத்தையும் முடித்துவிடுகிறது: ஆணி இளகுகிறது, கதவின் உள்பலகையைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைகிறது. ஸ்பீக்கர் போய்விட்டது என்று கராஜுக்கு வரும் வண்டிகள் சிலவற்றில் அதிர்வது அந்தப் பலகை மட்டுமே. பலகையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பாட்டைப் போட்டால் இது தெரிந்துவிடும். பலகை சரியென்றால், கூம்பை இரண்டு விரலால் நேராக உள்ளே மெல்ல அழுத்திப் பார்க்கலாம். சத்தமில்லாமல் போய் வந்தால் அதன் பின்னுள்ள மின்சுருள் நன்றாக இருக்கிறது. உரசல் கேட்டால் அந்த ஸ்பீக்கரின் ஆயுள் முடிந்தது.

ஸ்பீக்கருக்கு முன்னர் பார்க்க வேண்டியது ரேடியோ. ஜப்பானில் பண்பலை ஒலிபரப்பு நெடுங்காலம் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரை மட்டுமே இருந்தது. அண்மைக் காலத்தில்தான் 95 வரை நீண்டது. இலங்கையில் அது 87.5 முதல் 108 வரை. ஆகவே ஜப்பானில் பாவித்து வந்த காரின் பழைய ரேடியோவில் சூரியன், சக்தி, வெற்றி போன்ற வானொலி நிலையங்கள் 90க்கு மேல் எங்கு ஒலித்தாலும் பிடிபடா. இதற்கு அன்டெனா வயரில் இடையே பூட்டும் சிறிய கன்வேர்ட்டர் ஒன்று உண்டு. 18 மெகாஹேர்ட்ஸ் இறக்கும் கன்வேர்ட்டர் என்றால் 103இல் உள்ள நிலையம் ரேடியோவில் 85 என்று காட்டும். ஆனால் அந்தப் பழைய ஜப்பான் ரேடியோவின் அகலம் 14 மெகாஹேர்ட்ஸ்தான், இங்குள்ள ஒலிபரப்பின் அகலமோ 20.5, எந்தக் கன்வேர்ட்டர் போட்டாலும் சில நிலையங்கள் வெளியே நின்றுவிடும். இரைச்சலும் கொஞ்சம் கூடும். ரேடியோவையே மாற்றுவது இதற்கு நேரான வழி.

மலையின் மறைப்பு இன்னொரு விடயம். பண்பலை அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். 2,000 மீற்றரைத் தாண்டிய நமுனுகுல மலை குறுக்கே நிற்க, அதன் மறைவில் ஓடும் கார், வளைவுக்கு வளைவு நிலையத்தைத் தவறவிடும். எவ்வளவு விலையுயர்ந்த ஸ்பீக்கரும் இதைத் தீர்க்காது. அன்டெனாவின் இணைப்பு துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்கலாம், அதற்கு மேல் பென் டிரைவில் பாட்டை ஏற்றிக்கொள்வதே மிச்சம்.

டொயோட்டா கார்களில் ரேடியோவைக் கழற்றுவது எளிது. பின்புறத்தில் 10 பின், 6 பின் கொண்ட இரண்டு இணைப்பிகள் இருக்கும். அவற்றுக்குப் பொருந்தும் மாற்று வயர்த் தொகுதி கடையில் கிடைக்கும்போது பழைய வயரை வெட்டுவதற்குக் காரணமே இல்லை. வெட்டி முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு கல் பாதையில் ஒருநாள் இளகும். கவனிக்க வேண்டியது வேறொன்று: ஜப்பானிய வழிகாட்டித் திரையோடு வந்த டொயோட்டா சிலவற்றில் பற்றரியைக் கழற்றினால், எஸ்டி அட்டையும் இல்லாதபோது, திரை பூட்டிக்கொண்டு ஜப்பானிய மொழியில் இரகசிய எண் கேட்கும். வேலைக்காகப் பற்றரியைக் கழற்றிய பின் இதைக் கண்டு திகைப்பவர்கள் இன்றும் உண்டு.

இனி வலு. ரேடியோப் பெட்டியின் மேல் “50 வாட் x 4” என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அதை நம்பத் தேவையில்லை. கணக்குப் போட்டால் உண்மை தெரிந்துவிடும். எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் 14.4 வோல்ட் அளவுக்கு வரும். ரேடியோவுக்குள் இருக்கும் சிறு அம்ப்ளிஃபயர் அதை முழுதாகப் பயன்படுத்தினாலும், 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கொடுக்கக்கூடிய தெளிவான வலு ஏறக்குறைய 26 வாட். உள்ளே ஏற்படும் இழப்பைக் கழித்தால் 18 முதல் 22 வாட் வரை நிற்கும். அதற்கு மேல் சத்தத்தைத் திருகினால் அலையின் தலையும் காலும் வெட்டுப்படும். காதில் கரகரப்பாகப் படுவது அதுதான். உச்சத் தொனியை எழுப்பும் சிறிய ட்வீட்டர்கள் கருகுவதும் பெரும்பாலும் அதனால்தான்.

இருக்கும் வலு சொற்பம் என்பதால், புதிய ஸ்பீக்கர் வாங்கும்போது பெட்டியில் பார்க்க வேண்டிய எண் வாட் அல்ல, டெசிபெல். ஒரு வாட் கொடுத்து ஒரு மீற்றர் தள்ளி அளக்கும் சத்தம் அது. 87 டெசிபெல் என்று போட்ட ஸ்பீக்கருக்கு 20 வாட் தேவைப்படும் இடத்தில் 90 டெசிபெல் ஸ்பீக்கர் 10 வாட்டில் அதே சத்தத்தைத் தரும். காருடன் வந்த காகித ஸ்பீக்கர் மலிவானதென்றாலும் கூம்பின் எடை குறைவு என்பதால் சிறு வலுவுக்கே நன்றாக அசையும். அதைக் கழற்றிவிட்டுத் தடித்த கூம்புடைய “300 வாட்” ஸ்பீக்கரைப் பூட்டிவிட்டு, முன்பைவிடச் சத்தம் குறைந்துவிட்டதே என்று அலுத்துக்கொள்வது நடக்கிற கதை. அந்த வகை ஸ்பீக்கருக்குத் தனி அம்ப் வேண்டும்.

அளவைப் பொறுத்தவரை சிறிய ஜப்பானியக் கார்களின் முன்கதவுகளில் பெரும்பாலும் ஆறரை அங்குலம் பொருந்தும். ஒரே சட்டகத்தில் ட்வீட்டரும் சேர்ந்திருப்பது ஒரு வகை. ட்வீட்டரைப் பிரித்துக் கண்ணாடி மூலையில் பொருத்தி, ஒலியைப் பிரித்தனுப்பும் கிராஸோவரோடு வருவது மற்றது. பின்னது செலவு கூடியது, ஆனால் பாடகரின் குரல் முழங்காலடியிலிருந்து வராமல் கண்ணுக்கு நேரே வரும். பின்கதவு ஸ்பீக்கர்களை அவசரப்பட்டு மாற்ற வேண்டியதில்லை. பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் அது முன்கதவுக்கே போக வேண்டும்.

கதவு என்பது ஸ்பீக்கரின் பெட்டி. வீட்டில் வைக்கும் ஸ்பீக்கரைப் பலகைப் பெட்டியில் அடைப்பதற்குக் காரணம் உண்டு. கூம்பு முன்னே தள்ளும்போது பின்புறத்தில் காற்று இழுபடுகிறது. இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும், முதலில் போவது பேஸ். கார்க் கதவின் உட்தகட்டிலோ கை நுழையும் அளவு ஓட்டைகள். அவற்றை மூடியிருப்பது ஒரு மெல்லிய பொலித்தீன் தாள். அந்தத் தாளையும் யாரோ ஒருவர் கண்ணாடி மோட்டர் திருத்தும்போது கிழித்திருப்பார்.

வேலை இப்படி நடக்கிறது. உள்பலகையைக் கழற்றியதும், டொயோட்டா என்றால், ஸ்பீக்கர் ஆணியில் அல்லாமல் ரிவெட்டில் பிடித்திருப்பதைக் காணலாம். ரிவெட்டின் தலையைத் துளைத்தெடுக்க வேண்டும். அப்போது உதிரும் இரும்புத் தூளைக் காந்தத்தால் அள்ளாவிட்டால் அது புதிய ஸ்பீக்கரின் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பழைய ஸ்பீக்கரின் சட்டகமே தடித்த பிளாஸ்டிக் வளையமாக இருப்பதால் புதியதற்குத் தனி வளையம் தேவை. மரத்தூள் அழுத்திய எம்டிஎஃப் பலகையில் வெட்டிய வளையம் மலிவு, ஆனால் ஊவா மழைக்கு ஊறி உப்பிவிடும். வார்னிஷ் நன்றாக ஊட்டியிருக்க வேண்டும், இல்லையேல் பிளாஸ்டிக் வளையமே நல்லது. பூட்டுவதற்கு முன் கண்ணாடியை முழுதாக இறக்கி, அது புதிய ஸ்பீக்கரின் காந்தத்தில் முட்டுகிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

பிறகு தகட்டுக்கு மருந்து. அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் பட்டைகளைக் கதவின் வெளித்தகட்டு உட்புறத்தில் ஒட்டி, உருளையால் அழுத்தினால் அதிர்வு அடங்கும். கதவு முழுவதையும் மூட வேண்டியதில்லை, ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் இருக்கும் பகுதியும் தட்டினால் தகரச் சத்தம் வரும் இடங்களும் போதும். உட்தகட்டின் ஓட்டைகளை அதே பட்டையாலோ பிளாஸ்டிக் தகடாலோ மூடலாம். கதவின் பூட்டும் மோட்டரும் இருக்கும் ஓட்டைக்குக் கழற்றக்கூடிய மூடி வேண்டும். கதவின் அடிவிளிம்பில் உள்ள வடிகால் துளைகளை மட்டும் அடைக்கவே கூடாது. கண்ணாடி ரப்பர் வழியாக இறங்கும் மழைநீர் வெளியேறுவது அதனூடாகத்தான். அடைத்தால் முதலில் ஸ்பீக்கர் நனையும், பிறகு கதவு துருப்பிடிக்கும். இந்த ஒரு நாள் வேலையைச் செய்துவிட்டுப் பழைய ஸ்பீக்கரையே திரும்பப் பூட்டினாலும் பேஸ் கூடியிருப்பது காதுக்குத் தெரியும். கடைக்காரர்கள் இதை வலியச் சொல்வதில்லை.

வயர் பூட்டும்போது பிளஸ், மைனஸ் மாறக்கூடாது. ஒரு கதவு சரியாகவும் மறு கதவு மாறியும் இருந்தால் இரண்டும் எதிரெதிராக அசைந்து பேஸைத் தின்றுவிடும். ஒன்றரை வோல்ட் பற்றரி ஒன்றை ஸ்பீக்கரில் ஒரு நொடி தொட்டுப் பார்க்கலாம்: பற்றரியின் பிளஸ் தொட்ட முனை ஸ்பீக்கரின் பிளஸ் என்றால் கூம்பு வெளியே எழும்பும்.

தனி அம்ப் வைப்பதென்றால் மின்சாரக் கணக்கு வேண்டும். நான்கு ஸ்பீக்கருக்குத் தலா 50 வாட் கொடுக்கும் டி வகை அம்ப், முழுச் சத்தத்தில் 18 அம்பியர் அளவில் இழுக்கும்; பழைய ஏபி வகை 26 அம்பியரைத் தொடும், மீதி வெப்பமாகப் போகும். பற்றரியிலிருந்து நேரே தனி வயர் இழுக்க வேண்டும், பற்றரிக்கு அரை மீற்றருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். இந்த ஃபியூஸைத் தவிர்ப்பவர் கையில் வண்டியைக் கொடுக்காதிருப்பதே உத்தமம்; உரசிய வயர் தகட்டைத் தொட்டால் தீப்பற்றும். வயரின் நுனியைப் பிளேடால் சுரண்டிப் பார்க்கலாம். உள்ளேயும் சிவப்பென்றால் செம்பு, வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம். அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பில் ஏறக்குறைய 60 வீதம் என்பதால் அதற்கு ஒரு படி தடித்த வயர் வேண்டும். எர்த் வயரைப் பெயின்ற் சுரண்டிய தகட்டில் இறுக்க வேண்டும். ரேடியோவிலிருந்து வரும் ஒலி வயர் மின் வயருக்கு எதிர்ப்பக்கமாகப் போனால், ஏற்றத்தில் எஞ்சின் முக்கும்போது ஸ்பீக்கரில் கூடவே எழும் கீச்சொலிக்கு வாய்ப்புக் குறைவு.

அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட்களில் 12 வோல்ட் பற்றரி பெரும்பாலும் பின்பக்கத்தில் இருக்கும், அதை நிரப்புவது அல்டர்னேட்டர் அல்ல, ஒரு டிசி-டிசி கன்வேர்ட்டர். பற்றரியும் சிறியது. நிறுத்திய வண்டியில் சிஸ்டத்தை ஓன் பண்ணாமல் மணிக்கணக்கில் பாட்டுப் போட்டால் காலையில் கதவே திறக்காமல் போகலாம். செம்மஞ்சள் நிற வயர்களில் ஓடுவது 100 வோல்ட்டைத் தாண்டிய மின்சாரம். அந்தப் பக்கம் கை போகக்கூடாது. ஓட்டோக்களில் பற்றரியும் மின் உற்பத்தியும் இன்னும் குறைவு என்பதால் சிறிய டி வகை அம்ப்புக்கு மேல் ஆசைப்படுவது வீண்.

சப்வூஃபர் எல்லோருக்கும் தேவைப்படாது. ஆனால் இரண்டாம் கியரில் ஏறும் எஞ்சினின் உறுமலும் டயர் இரைச்சலும் முதலில் மறைப்பது மேளம், தவில், தப்பு போன்றவற்றின் அடித்தொனியைத்தான். சீட்டுக்கு அடியில் வைக்கும் தட்டையான சப்வூஃபர் ஒன்று, மெதுவாக வைத்தாலே, அதை மீட்டுத் தரும்.

கடைசியாகச் சமநிலை. சாரதி வலப்பக்கம் இருக்கிறார். வலக்கதவு ஸ்பீக்கர் இடக்கதவைவிட ஒரு மீற்றர் அருகில் இருந்தால் அதன் ஒலி ஏறக்குறைய 3 மில்லிசெக்கன் முந்தி வரும். புதிய ரேடியோக்கள் பலவற்றில் அந்தப் பக்கத்தைத் தாமதப்படுத்தும் அமைப்பு உண்டு. பேஸ், ட்ரெபிள் இரண்டையும் உச்சத்தில் வைத்திருப்பவர்கள் இதைத் தொட்டுப் பார்ப்பதேயில்லை.

சத்தத்துக்கு எல்லை உண்டு. 85 டெசிபெல்லில் எட்டு மணித்தியாலம் காது தாங்கும் என்றால் 94இல் ஒரு மணித்தியாலம்தான்; நாள் முழுக்க ஓடும் பஸ் சாரதிக்கு இந்தக் கணக்கு முக்கியம். பெரகல இறக்கத்திலும் பசறை வளைவுகளிலும் எதிர்வண்டி கண்ணில் படுமுன் அதன் ஹோர்ன்தான் காதுக்கு வருகிறது. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி வழங்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007இல் கட்டளையிட்டது. அது வண்டிகளைப் பற்றிய வழக்கல்ல. ஆனாலும் தோட்ட லயத்துக்கு முன்னால் கதவைத் திறந்துவைத்துப் பாட்டுப் போடுபவர் நினைவில் வைத்திருக்கலாம். 2025 ஜனவரியில் பஸ்களிலும் ஓட்டோக்களிலும் பூட்டிய மேலதிக அலங்காரப் பாகங்களைப் பொலிஸார் கழற்றச் செய்தபோது தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. வெளியே தெரியாமல் கதவுக்குள் முடிகிற வேலைக்கு அந்தத் தொல்லை குறைவு. கழற்றிய பழைய ரேடியோவையும் ஸ்பீக்கரையும் பெட்டியில் கட்டி வைப்பது நல்லது. வண்டியை விற்கும் நாளில் ஒரிஜினல் இருக்கிறதா என்று கேட்பவர்கள் உண்டு.