பியானோவின் சுருதியும் அதைச் சேர்ப்போரின் நகைச்சுவையும்

88 கட்டைகள் கொண்ட பியானோவில் ஏறத்தாழ 230 கம்பிகள் பூட்டப்பட்டு, அவை எல்லாம் சேர்ந்து வார்ப்பிரும்புச் சட்டத்தைப் பல டன் விசையோடு இழுத்துக்கொண்டிருப்பதாலும், கம்பிகளின் அதிர்வைப் பெருக்கித் தரும் ஒலிப்பலகை என்னும் மரப்பலகை காற்றின் ஈரப்பதத்துக்கேற்ப உப்பியும் சுருங்கியும் அவற்றின் இறுக்கத்தை மாற்றிவிடுவதாலும், எத்தனை உயர்ந்த கருவியானாலும் அதன் சுருதி நிலைத்து நிற்பதில்லை. அதை மீண்டும் சேர்ப்பதற்கென்றே ஐரோப்பாவில் தனித்தொழில் ஒன்று வளர்ந்தது. பார்வையற்றவரான குளோது மோந்தால் 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் இத்தொழிலில் பெரும்புகழ் பெற்று, அதற்கென நூலும் எழுதினார்.

பெரும்பாலான சுரங்களுக்கு மும்மூன்று கம்பிகள் இருப்பதால், கம்பளிப் பட்டையால் இரண்டை அடக்கி ஒன்றை மட்டும் ஒலிக்கவிட்டு, விநாடிக்கு 440 முறை அதிரும் இசைக்கவையோடு ஒப்பிட்டு வேலை தொடங்கப்படுகிறது. ஆனால் அதிலிருந்து மற்றச் சுரங்களைச் சேர்க்கும்போது, ச–ப இடைவெளியாகிய பஞ்சமங்களை முழுத் தூய்மையோடு ஒன்றன்மேல் ஒன்றாகப் பன்னிரண்டு முறை அடுக்கினால், ஏழு ஸ்தாயிகளைத் தாண்டி ஏறத்தாழ அரைச்சுரத்தில் கால் பங்கு மிஞ்சிவிடும். இந்த மிச்சத்தை நீக்க வழியில்லாததால், ஒவ்வொரு பஞ்சமத்தையும் இம்மியளவு குறைத்துப் பன்னிரண்டுக்கும் சமமாகப் பகிர்கிறார்கள். நடு ஸ்தாயிக்குச் சற்றுக் கீழே அமைந்த ஒரு பஞ்சமத்தில் இக்குறைவு, நான்கு விநாடிக்கு ஏறத்தாழ மூன்று விம்மல்களாக, அதாவது ஒலி பெருகித் தணியும் அலைகளாகக் காதுக்குப் புலப்படுகிறது. கம்பியைச் சுற்றிய எஃகு முளையை நெம்புகோலால் மயிரிழை திருப்பி, நிலைத்ததா என்றறியக் கட்டையை ஓங்கித் தட்டி, மறுபடியும் கேட்பதே நாள்முழுதும் நடக்கும் வேலை.

ஒரே சுரம் ஓயாமல் ஒலிக்கும் வீட்டில் பிறர் தங்க விரும்பாததால் தனிமையே இத்தொழிலின் துணையாகிறது. தொழிலாளரிடையே வழங்கும் நகைச்சுவையும் அங்கேதான் பிறக்கிறது. கூப்பிடாமலே வந்து நிற்கும் சுருதிக்காரரிடம் வீட்டுக்காரர், “நான் உங்களை வரச்சொல்லவில்லையே” என்று வியக்க, அவர் “பக்கத்து வீட்டார்தான் சொல்லியனுப்பினார்கள்” என்பது அவற்றுள் பழையது. பியானோவுக்குள் கிடைக்கும் பென்சில், சில்லறை, எலிக்கூடு பற்றிய கதைகளுக்கும் குறைவில்லை. 2016இல் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் ஒரு பழைய பிராட்வுட் பியானோவின் கட்டைகளுக்கு அடியில் 913 பவுன், அரைப்பவுன் தங்கக் காசுகள் வெளிப்பட்டது மெய்யாகவே நடந்தது.

சுருதி இசைந்தால் வாசித்தவர் புகழப்படுகிறார், பிசகினால் மட்டுமே சேர்த்தவர் நினைக்கப்படுகிறார். ஆகவே இந்த நகைச்சுவை பொழுதுபோக்கு மட்டுமன்று. வெளியே பாராட்டப்படாத செவித்திறனை அத்தொழிலாளர் தமக்குள் மதித்துக்கொள்ளும் முறையும் ஆகும். அந்த மதிப்பில் ஒரு பங்கை இசை கேட்போரும் அவர்களுக்கு அளிப்பதே நியாயம்.